முட்டை எடுத்த பிறகும் மருந்து எதற்கு?



குழந்தை பாக்கியம் வேண்டி மதுரை போன்ற ஊர்களுக்குப் போய் டெஸ்ட் டியூப் சிகிச்சை எடுக்கும் குடும்பங்கள் நம் பகுதியிலும் உண்டு. கருமுட்டையை எடுத்து, கருவைக் கருப்பையில் வைத்ததும், "அதுதான் வைத்தாச்சே, இன்னும் ஊசி மாத்திரை எதற்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். அந்த மருந்தை நிறுத்தினால் பட்ட பாடெல்லாம் வீணாகலாம்.

இயற்கையாக முட்டை வெளியேறியதும், அது இருந்த இடம் மஞ்சள் நிறத் திசுவாகி 'புரோஜெஸ்டிரோன்' சுரக்கும். கரு ஒட்டி வளரக் கருப்பையைப் பக்குவப்படுத்துவது இந்த ஹார்மோன்தான். சிகிச்சையில் ஒரே சமயத்தில் பல முட்டைகளை வளர்ப்பதால் உடலில் ஹார்மோன் அளவு மிகவும் கூடுகிறது. உடனே மூளை, அந்தத் திசுவை இயக்கும் சுரப்பைக் குறைத்துவிடுகிறது. திசு சீக்கிரமே சுருங்கிவிடும். அந்தக் குறையைத்தான் மருந்து ஈடுகட்டுகிறது.

உறைய வைத்த கருவை, மாத்திரையால் தயார் செய்த கருப்பையில் வைத்தால் அந்தத் திசுவே இருக்காது. அப்போது மருந்து ஒன்றே துணை.

பெண்ணுறுப்பில் வைக்கும் மாத்திரை அல்லது ஜெல், ஊசி, வாய்வழி மாத்திரை எனப் பல வகை உண்டு. முட்டை எடுத்த ஓரிரு நாளில் பெரும்பாலும் தொடங்குவார்கள். கரு தங்கினால் மேலும் சில வாரங்கள் தொடரும். 7 முதல் 9 வாரத்துக்குள் நஞ்சுக்கொடி அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கவனிக்க:

• லேசாக ரத்தம் பட்டால் மாதவிடாய் என்று நினைத்து மருந்தை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

• மார்பு வலி, அசதி மருந்தாலும் வரும். சொன்ன தேதியில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையே உறுதி.

• வயிறு வேகமாக வீங்குதல், மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

• ஊர் திரும்பும் முன் போதுமான மருந்தை வாங்கிக்கொள்ளுங்கள். மலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் வேளை தவறாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

• ரமலானில் சிகிச்சை வந்தால் டாக்டரையும் ஆலிமையும் முன்கூட்டியே கேளுங்கள். நோயாளி நோன்பைப் பிறகு நோற்க மார்க்கத்தில் சலுகை உண்டு.

மாமியார், கணவர், நாத்தனார் எல்லோரும் இதைப் புரிந்துகொண்டால் அந்தப் பெண்ணின் பாரம் பாதியாகும். மருந்தை முறையாக எடுப்போம், துஆவும் செய்வோம். நலமான குழந்தையை அல்லாஹ் தருவானாக. ஆமீன்.