கீசர் மாற்றுகிறீர்களா? கருவியை வாங்கும் முன் காற்று, வயர், சுவர் மூன்றையும் பாருங்கள்

கல்யாண்: மும்பை போரிவலியில் 2020 ஜனவரி மாதம், கேஸ் கீசர் பொருத்தப்பட்ட குளியலறைக்குக் குளிக்கச் சென்ற 15 வயதுச் சிறுமி மயங்கிய நிலையில் மீட்கப்பட்டார். மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட அவர் சில நாட்களில் உயிரிழந்தார். கார்பன் மோனாக்சைடு நச்சே காரணம் என அப்போது தெரிவிக்கப்பட்டது. பழுதில்லாத கீசர்கூடப் பொருந்தாத இடத்தில் மாட்டப்பட்டால் உயிரைப் பறிக்கும் என்பதை இத்தகைய மரணங்கள் நினைவூட்டுகின்றன.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, இன்று கல்யாண், டோம்பிவ்லி வட்டாரத்தில் வசிக்கின்றன. இங்கு பழைய நான்கு மாடிக் கட்டடங்களும் புதிய உயர்மாடிக் குடியிருப்புகளும் அருகருகே நிற்கின்றன. இரண்டிலும், பழைய கீசரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புதியதை மாட்டினால் வேலை முடிந்தது என்றே பலர் எண்ணுகின்றனர். ஆனால் எந்தக் கீசர் பொருந்தும் என்பதைக் கடையில் கிடைக்கும் தள்ளுபடியைவிட, வீட்டுக் குளியலறையே முடிவு செய்ய வேண்டும்.

காற்றோட்டம்: கேஸ் கீசருக்கான முதல் நிபந்தனை

நிமிடத்திற்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கேஸ் கீசர், 10 கிலோவாட்டுக்கும் அதிகமான வெப்பத்தை வெளியிடுகிறது. சமையலறை அடுப்புகள் நான்கைந்து ஒரே நேரத்தில் எரிவதற்கு இது ஏறக்குறைய சமம். கதவும் ஜன்னலும் மூடிய சிறிய குளியலறையில் இவ்வளவு எரிவாயு எரியும்போது ஆக்சிஜன் விரைவாகக் குறைகிறது. அப்போது எரிவாயு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உருவாகிறது.

இவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் பிணைகிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். குளிப்பவர் அவற்றை உணர்ந்து கதவைத் திறப்பதற்குள் மயங்கி விழக்கூடும்.

ஆகவே கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்தி, வெந்நீரை மட்டும் குழாய் வழியாக உள்ளே கொண்டுவருவதே பாதுகாப்பானது. புகை வெளியேறும் குழாய் கட்டடத்திற்கு வெளியே திறந்திருக்க வேண்டும். அதற்கு இடமில்லாத வீடுகளில் மின்சாரக் கீசருக்கு மாறுவதே உகந்தது. எவரேனும் மயங்கிக் கிடந்தால், எரிவாயுவை நிறுத்தி, கதவு ஜன்னல்களைத் திறந்து, அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

சிலிண்டரிலிருந்து குழாய் எரிவாயுவுக்கு மாறும்போது

கல்யாண் பகுதியில் மகாநகர் கேஸ் நிறுவனம் குழாய் வழி இயற்கை எரிவாயு வழங்குகிறது. சிலிண்டரிலிருந்து குழாய் எரிவாயுவுக்கு மாறும் குடும்பங்கள், அடுப்பை மாற்றியமைத்துவிட்டுக் கீசரை மறந்துவிடக் கூடாது. சிலிண்டர் எரிவாயுவுக்காகத் தயாரிக்கப்பட்ட கீசரை இயற்கை எரிவாயுவில் அப்படியே இணைக்க இயலாது. இரண்டின் அழுத்தமும் எரியும் தன்மையும் வேறு என்பதால், அதற்குரிய கருவியையே வாங்க வேண்டும்.

வயரும் எர்த்தும்

வீட்டு உபயோகத்திற்கான சேமிப்பு வகைக் கீசர் பொதுவாக 2,000 வாட் திறன் கொண்டது. 230 வோல்ட் மின்னழுத்தத்தில் அது சுமார் 9 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். 3 லிட்டர் உடனடிக் கீசர் 3,000 வாட் என்றால் 13 ஆம்பியர்; 4,500 வாட் என்றால் ஏறக்குறைய 20 ஆம்பியர். பழைய 2,000 வாட் கீசர் இருந்த இடத்தில் 4,500 வாட் கருவியை மாட்டினால், அதே வயர் இருமடங்குக்கும் மேலான மின்னோட்டத்தைச் சுமக்க நேரிடும். பிளக் கருகுவதும் சுவருக்குள் வயர் உருகுவதும் இதனால்தான்.

2,000 முதல் 3,000 வாட் கீசருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயரும் 16 ஆம்பியர் பிளக்கும் தனி எம்சிபியும் தேவை. 4,500 வாட் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் வயர் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, மின்கசிவு ஏற்பட்ட நொடியிலேயே இணைப்பைத் துண்டிக்கும். மூன்று முனை பிளக் இருப்பதாலேயே எர்த் இருப்பதாகக் கருதக் கூடாது. பழைய கட்டடங்களில் அந்த மூன்றாவது துளை எதனுடனும் இணைக்கப்படாமல் இருக்கக்கூடும். எலக்ட்ரீஷியன் அதைச் சோதித்துக் காட்டிய பிறகே கீசரை இயக்க வேண்டும்.

ஏசியுடன் இரண்டு கீசர்களும் சேரும்போது, வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதாமல் போகலாம். அத்தகைய நிலையில் கூடுதல் சுமைக்கு மகாவிதரணிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

சுவர் தாங்குமா?

25 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டும் 25 கிலோ. கருவியின் எடையையும் சேர்த்தால் 35 கிலோ அளவுக்கு வரும். பல குளியலறைகளின் இடைச்சுவர் நான்கு அங்குலச் செங்கல் சுவர். ஆண்டுக்கணக்கில் ஈரம் ஊறிய சுவரில் பூச்சு உதிர்ந்திருக்கும். பழைய துளையிலேயே புதிய போல்ட்டைச் செருகுவது ஆபத்தானது. திடமான பகுதியில் புதிய துளையிட்டு ஆங்கர் போல்ட் பொருத்த வேண்டும். சுவர் வலுவற்றது என்றால் சிறிய கொள்ளளவே நல்லது. 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேற்ற 2,000 வாட் கீசருக்கு 20 நிமிடம் போதும்.

அழுத்தமும் பாதுகாப்பு வால்வும்

10 மீட்டர் உயர நீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். நான்கு மாடிக் கட்டடத்தில் இது சிக்கலாகாது. ஆனால் உயர்மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளங்களிலும், பிரஷர் பம்ப் உள்ள வீடுகளிலும் அழுத்தம் மிகும். அங்கு 8 பார் தாங்கும் கீசரே பொருத்தமானது.

குளிர்நீர் நுழையும் இடத்தில் உள்ள பாதுகாப்பு வால்வு, தொட்டிக்குள் அழுத்தம் மிகும்போது சிறிதளவு நீரை வெளியேற்றும். அதைக் கசிவு என்று கருதிச் சிலர் அடைத்துவிடுகின்றனர். தெர்மோஸ்டாட்டும் பழுதாகி வால்வும் அடைபட்டிருந்தால் தொட்டி வெடிக்கும் அபாயம் உண்டு.

கழற்றும்போதும் மாட்டும்போதும்

முதலில் எம்சிபியை நிறுத்தி, நுழைவுக் குழாயை மூடி, தொட்டி நீரை வடித்த பின்னரே பழைய கீசரைக் கழற்ற வேண்டும். புதியதை மாட்டியதும் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று வெளியேறி நீர் சீராக வரும் வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகே சுவிட்சைப் போடலாம். காலித் தொட்டியில் மின்சாரம் பாய்ந்தால் ஹீட்டிங் எலிமென்ட் கருகிவிடும்.

ஆழ்துளைக் கிணற்று நீரையோ டேங்கர் நீரையோ பயன்படுத்தும் குடியிருப்புகளில் உப்பு படிவு அதிகம். தொட்டியின் உட்புறத்தைத் துருவிலிருந்து காக்கும் மெக்னீசியம் ராடை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். அந்த ராடு, எலிமென்ட், தெர்மோஸ்டாட் ஆகியவை மட்டும் பழுதென்றால் அவற்றையே மாற்றிக்கொள்ளலாம். தொட்டியே ஒழுகினால்தான் புதிய கீசர் கட்டாயமாகிறது.

மொட்டைமாடியும் கடைகளும்

புதிய கட்டடங்களுக்குச் சூரிய வெந்நீர்க் கருவியைக் கட்டாயமாக்கிய உள்ளாட்சிகளில் கல்யாண்-டோம்பிவ்லி மாநகராட்சியும் ஒன்று. மொட்டைமாடியில் அந்தக் கருவி பராமரிப்பின்றிக் கிடந்தால், புதிய கீசர் வாங்கும் முன் அதைச் சீரமைப்பது குறித்துக் குடியிருப்புச் சங்கத்தில் பேசலாம். மழைக்காலத்திற்கு மட்டும் சிறிய மின்சாரக் கீசர் துணையாக இருந்தால் போதும்.

உணவகம், சலூன் போன்ற இடங்களில் வீட்டு உபயோகச் சிலிண்டரைக் கீசருக்குப் பயன்படுத்துவது விதிமீறல். நாள் முழுவதும் வெந்நீர் தேவைப்படும் இடங்களுக்கு, அந்த அளவுக்கு உரிய வணிகக் கருவியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேலை முடிந்து பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் போதும். எர்த் சோதிக்கப்பட்டதா? பாதுகாப்பு வால்வு திறந்திருக்கிறதா? கேஸ் கீசர் என்றால், அதன் புகை எங்கே செல்கிறது? மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்கும் வரை குளியலறைக் கதவைத் தாழிடாமல் இருப்பதே நல்லது.