கல்ஹட்டி ஏற எந்த கியர்? பல் எண்ணிக்கையும் முழங்காலும்

ரோடு பைக் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எடை எவ்வளவு, கார்பனா அலுமினியமா, டிஸ்க் பிரேக் இருக்கா. "இதில் இருக்கிறதிலேயே சின்ன கியர் எது?" என்று கேட்கிறவர்கள் குறைவு. சமவெளியில் மட்டும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் மசினகுடியிலிருந்து கல்ஹட்டி வழியாக ஊட்டி ஏறும் ஆசை மனதில் இருந்தால், மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் இதைத்தான் கேட்க வேண்டும்.

கல்ஹட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். உண்மையான ஏற்றம் தொடங்கியபின் சரிவு பத்து சதவீதத்தைச் சுற்றியே நிற்கும், வளைவுகளில் அதைத் தாண்டும். ஒப்பிட ஒரு உதாரணம்: நீலகிரி மலை ரயில் பாதையின் மிகச் செங்குத்தான பகுதி 12-க்கு 1, அதாவது 8.33 சதவீதம். அதற்கே கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல் சட்டம் போட்டு, எஞ்சின் அதைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. நீராவி எஞ்சினுக்கே தனிப் பல் தேவைப்படுகிற சரிவை விடச் செங்குத்தான ரோட்டில் நாம் இரண்டு காலோடு போகிறோம். நம்ம பல் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதில் தப்பில்லை.

கியர் என்பது ஒரு வகுத்தல்

முன்னால் பெடலோடு சுற்றும் செயின்ரிங்கின் பற்களை, பின்னால் கேசட்டில் செயின் இருக்கும் சக்கரத்தின் பற்களால் வகுத்தால் வருவதுதான் கியர் விகிதம். முன்னால் 34, பின்னால் 34 என்றால் விகிதம் 1. பெடல் ஒரு சுற்று, டயர் ஒரு சுற்று. 700×25 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர் என்பதால், ஒரு மிதிக்கு வண்டி 2.1 மீட்டர் நகரும். 50-க்கு 11 போட்டால் அதே ஒரு மிதிக்கு 9.5 மீட்டர்.

ரோடு பைக்கில் முன்பக்கம் பொதுவாக வருவது நான்கு வகை: 53/39, 52/36, 50/34, 46/30. பின்னால் கேசட் 11-28-இல் தொடங்கி 11-34, 11-36 வரை போகும். மலைக்கு முக்கியமானது முன்னால் சின்னது, பின்னால் பெரியது என்கிற அந்த ஒரே ஜோடிதான்.

சின்ன கியர் வேலையைக் குறைக்காது. உங்களையும் வண்டியையும் அவ்வளவு உயரம் தூக்கித்தான் ஆக வேண்டும். ஒரு மூட்டை அரிசியை ஒரே தூக்கில் மாடிக்குக் கொண்டுபோவதா, நாலு பையாகப் பிரித்து நாலு நடையில் கொண்டுபோவதா என்கிற மாதிரி. ஏறும் அரிசி ஒன்றுதான், இடுப்பு சொல்லும் கதைதான் வேறு.

வேகத்தைத் தீர்மானிப்பது உங்கள் வாட்

செங்குத்தான ஏற்றத்தில் காற்றுத் தடை கிட்டத்தட்ட இல்லை. மிதிக்கிற சக்தி முழுக்கப் புவியீர்ப்பை எதிர்க்கவே போகிறது. அதனால் கணக்கு சுலபமாகிவிடுகிறது. டயர் உருளும் தடை, செயினில் போகும் இழப்பு எல்லாவற்றையும் சேர்த்து நான் பயன்படுத்தும் சூத்திரம் இது:

வேகம் (மணிக்கு கி.மீ.) = 34 × வாட் ÷ மொத்த எடை ÷ சரிவு சதவீதம்

மொத்த எடை என்பது ஆள், வண்டி, தண்ணீர் பாட்டில், ஷூ, எல்லாம் சேர்த்து. 70 கிலோ ஆள், 12 கிலோ வண்டி சாமான்கள், நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய 175 வாட். பத்து சதவீதச் சரிவில் வேகம் மணிக்கு சுமார் 7.2 கி.மீ.

அடுத்து கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்குப் பெடல் எத்தனை சுற்று:

கேடன்ஸ் = 8 × வேகம் ÷ கியர் விகிதம்

அதே ஆள், அதே 7.2 கி.மீ. வேகம். கியர் மட்டும் மாறினால்:

39×25 — 37 சுற்று
34×28 — 47 சுற்று
34×32 — 54 சுற்று
34×34 — 57 சுற்று
30×34 — 65 சுற்று

சமவெளியில் நாம் சாதாரணமாக 80, 90 சுற்றில் ஓட்டுகிறோம். மலையில் 60-70 இருந்தால் மூச்சும் காலும் ஒத்துப்போகும். 50-க்குக் கீழே போனால் ஒவ்வொரு மிதியும் ஜிம்மில் எடை தூக்குகிற மாதிரி ஆகிவிடும். 40-க்குக் கீழே வண்டியை நேராக வைத்திருப்பதே பெரும்பாடு, ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். ரோட்டின் அகலம் முழுக்க வளைந்து வளைந்து ஏறத் தொடங்குவீர்கள். எதிரே பஸ் வரும் மலைப்பாதையில் அது நல்ல யோசனை இல்லை.

பவர் மீட்டர் இல்லாதவர்களுக்கு

"என் வாட் எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பீர்கள். அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் போதும். தெரிந்த ஒரு ஏற்றத்தை நிற்காமல் ஏறி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா வீட்டுக்காரர், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், 52 வயதில் ரோடு பைக் வாங்கினார். முன்னால் 52/36, பின்னால் 11-28. கல்ஹட்டிக்குப் போனவர் பாதி வளைவுகளை வண்டியைத் தள்ளிக்கொண்டே கடந்தார். இரண்டு வாரம் முழங்கால் வலி. வாங்கிய கடையில் கேட்டதற்கு, "மிதிக்க மிதிக்கக் கால் பழகிடுங்க சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "மாப்ள, மலைக்கெல்லாம் இந்த உடம்பு லாயக்கில்ல. வண்டிய வித்துரலாம்னு இருக்கேன்" என்றார் என்னிடம்.

அதற்கு முன்பே அவர் மேட்டுப்பாளையம்–கோத்தகிரி ஏறியிருந்தார். சுமார் 33 கி.மீ., சராசரிச் சரிவு 4.5 சதவீதம், 2 மணி 45 நிமிடம். அதாவது மணிக்கு 12 கி.மீ. ஆளும் வண்டியும் சேர்ந்து 88 கிலோ. 12 × 4.5 × 88 ÷ 34 என்று போட்டால் 140 வாட். இரண்டே முக்கால் மணி நேரம் 140 வாட் கொடுக்கிற உடம்பை லாயக்கில்லாத உடம்பு என்று யார் சொல்வார்கள்?

அதே 140 வாட்டோடு பத்து சதவீதத்தில் அவர் வேகம் 5.4 கி.மீ. நடையை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அவருடைய மிகச் சின்ன கியர் 36×28, விகிதம் 1.29. கேடன்ஸ் 34 சுற்று. 170 மி.மீ. கிராங்கில் இதன் பொருள், பெடலில் சராசரியாக 23 கிலோவுக்கு மேல் விசை. கால் கீழே அழுத்தும் நொடியில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. நிமிடத்துக்கு 34 தடவை, வளைவுக்கு வளைவு. அந்த முழங்கால் வலிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

30×34 போட்டால் அதே வேகத்தில் 49 சுற்று, சராசரி விசை 16 கிலோ சொச்சம். ஆள் அதேதான், அதே வாட், அதே மலை. மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் காலிலிருந்து இறங்கிவிட்டது.

மச்சான் வண்டியை விற்கவில்லை. கியரை மாற்றினார். அடுத்த தடவை இரண்டு இடத்தில் டீ, பிஸ்கட் என்று உட்கார்ந்துவிட்டு, தள்ளாமல் தலைக்குந்தா போய்ச் சேர்ந்தார்.

வீரர்கள் 39×25-இல் ஏறினார்களே?

ஏறினார்கள். கணக்கைப் பாருங்கள். 65 கிலோ வீரர், 8 கிலோ வண்டி, 390 வாட். பத்து சதவீதச் சரிவில் (இந்த வேகத்தில் காற்றுத் தடையையும் சேர்த்தால்) மணிக்கு சுமார் 17 கி.மீ. 39×25-இல் அவர் கேடன்ஸ் 87. அதே கியரில் நம்ம 175 வாட் ஆளுக்கு 37. பார்க்க ஒரே கியர். அவர் காலுக்கு அது சுலப கியர், நம்ம காலுக்கு அது சுவர். வீரரைப் போல ஏற வேண்டுமென்றால் அவருடைய பற்களையல்ல, கேடன்ஸைத்தான் காப்பியடிக்க வேண்டும்.

சின்ன கியரை "பாட்டி கியர்" என்று கிண்டல் செய்கிற பழக்கத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. டூர் டி பிரான்ஸ் 1903-இல் தொடங்கியது. ஆனால் முன்னணி வீரர்கள் டீரெய்லர் பயன்படுத்த 1937 வரை அனுமதி இல்லை. போட்டியை நிறுவிய ஆன்ரி தெக்ராஞ்சுக்கு, கியர் மாற்றுவது ஆண்மைக்கு அழகில்லாத சமாச்சாரம். அதுவரை பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம் இருக்கும். மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். இன்றைக்கு அதே போட்டியில் வீரர்கள் பின்னால் 30, 34 பல் போட்டுக்கொண்டு மலையேறுகிறார்கள். அவர்களுக்கு வெட்கமில்லை, நமக்கு எதற்கு?

சராசரியை நம்பாதீர்கள்

ஸ்பெயினில் ஆங்லிரு என்றொரு ஏற்றம். 12.5 கி.மீ., சராசரி சுமார் 10 சதவீதம். கேட்டால் கல்ஹட்டி மாதிரிதானே என்று தோன்றும். ஆனால் முதல் பாதி ஓரளவு சாது. உக்கிரம் முழுக்க இரண்டாவது பாதியில். கூஎன்யா லெஸ் காப்ரெஸ் என்ற இடத்தில் 23.5 சதவீதம் வரை போகிறது. சராசரிக்குக் கியர் போட்டுக்கொண்டு போனவர் அங்கே இறங்க வேண்டியதுதான்.

எனவே மேலே சொன்ன கணக்கை இரண்டு தடவை போடுங்கள். சராசரிச் சரிவில் 60 சுற்றுக்குக் குறையாமல் கிடைக்கிறதா என்று ஒரு முறை. மிகச் செங்குத்தான இடத்தில் 45-ஆவது கிடைக்கிறதா என்று இன்னொரு முறை. 175 வாட் ஆள் 15 சதவீதத்தில் மணிக்கு 4.8 கி.மீ. போவார். 34×34-இல் 39 சுற்று, 30×34-இல் 44. சில நூறு மீட்டர் எழுந்து நின்று மிதித்து சமாளிக்கலாம்.

கொண்டை ஊசியில் உட்புறம்தான் மிகச் செங்குத்து. வண்டி வராதபோது வெளிப்புறமாக வளைத்துப் போனால் சரிவு குறையும். அதோடு, ஊட்டி 2240 மீட்டரில் இருக்கிறது. மேலே போகப்போக ஆக்ஸிஜன் குறைந்து, உங்கள் வாட்டில் சில சதவீதம் தானாகவே காணாமல் போகும்.

எதை இழக்கிறோம்?

"சின்ன கியர் போட்டா வேகம் போயிடுமே" என்பதுதான் வழக்கமான பயம். 50×11-இல் 90 சுற்று மிதித்தால் மணிக்கு 51.5 கி.மீ. 46×11-இல் 47.4. சுமார் நாலு கி.மீ. வித்தியாசம். இறக்கத்தில் 47-க்கு மேல் மிதித்துக்கொண்டே போக நம்ம மலைப்பாதைகளில் இடமே இல்லை. கை பிரேக்கில்தான் இருக்கும்.

உண்மையான இழப்பு வேறு இடத்தில். 11 சக்கரங்கள் உள்ள 11-28 கேசட்டில் 11, 12, 13, 14, 15 என்று ஒவ்வொரு பல்லாக ஏறும். 11-34-இல் 11, 13, 15, 17 என்று தாவும். சமவெளியில் குழுவாக வேகம் பிடித்து ஓட்டும்போது, ஒரு கியர் கனமாகவும் அடுத்தது இலேசாகவும் தோன்றும். ரேஸ் ஓட்டுகிறவருக்கு அது தொந்தரவு. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறவருக்கு இரண்டு நாளில் பழகிவிடும்.

மாற்றும் வரிசை

முதலில் கேசட். செலவு குறைவு. 36×28-ஐ 36×34 ஆக்கினாலே மச்சானின் 34 சுற்று 41 ஆகிறது. ஷிமானோவின் எச்ஜி800 என்ற 11-34 கேசட்டை 11 ஸ்பீட் ரோடு ஹப்பில் மாட்ட 1.85 மி.மீ. வளையம் ஒன்று உள்ளே போட வேண்டும். இல்லாவிட்டால் கேசட் ஆடும்.

அடுத்தது பின் டீரெய்லர். ஷிமானோ 105 ஆர்7000 தொடரில் குட்டைக் கூண்டு உள்ளது 30 பல் வரை, நீளக் கூண்டு 34 பல் வரை ஏற்கும். கூடவே மொத்தக் கொள்ளளவு என்று ஒன்று உண்டு. முன்பக்க வித்தியாசத்தையும் பின்பக்க வித்தியாசத்தையும் கூட்டுங்கள். 50/34, 11-34 என்றால் 16 + 23 = 39. நீளக் கூண்டின் எல்லையும் சரியாக 39தான்.

பெரிய கேசட் போட்டால் செயினையும் நீளமாக்க வேண்டும். பழைய செயினை விட்டுவிட்டு, தெரியாமல் பெரியது-பெரியது கியருக்குப் போனால் செயின் விறைத்து டீரெய்லரையே பிடுங்கிவிடும். மெக்கானிக்கிடம் இதை வாய்விட்டுச் சொல்லி மாற்றுங்கள்.

அதற்கும் போதவில்லை என்றால் கிராங்க். 46/30 மாதிரி ஒன்று. ஷிமானோ ஜிஆர்எக்ஸ் கிராங்கில் செயின் 2.5 மி.மீ. வெளியே தள்ளி ஓடுவதால் முன் டீரெய்லரும் அதே தொடரில்தான் வாங்க வேண்டும். செலவு கூடுதல்தான். ஆனால் எடை குறைந்த சக்கரத்துக்குச் செலவிடுகிற பணத்தில் பாதிகூட ஆகாது, மலையில் கிடைக்கிற பலன் அதைவிடப் பல மடங்கு. 88 கிலோவில் அரைக் கிலோ குறைந்தால் 5.4 கி.மீ. வேகம் 5.43 ஆகும், அவ்வளவே.

இரண்டு கியருக்கு நடுவில் குழப்பமாக இருந்தால் சின்னதை எடுங்கள். முதல் வளைவில் இருக்கிற காலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். முப்பதாவது வளைவில் மிச்சம் இருக்கப்போகிற காலை வைத்துப் போடுங்கள். பயன்படாத ஒரு சின்ன கியர் பின்னால் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. இல்லாத ஒரு கியரைத் தேடி விரல் ஷிஃப்டரை அழுத்தும்போது "டக்" என்ற சத்தம் மட்டும் வரும் பாருங்கள், அதுதான் நஷ்டம்.