உஷார்! மிரர்லெஸ் வாங்கும் முன் பையில் உள்ள லென்ஸைப் பாருங்கள்

"டிஎஸ்எல்ஆர் காலம் முடிஞ்சுபோச்சு சார். இப்பவே எக்ஸ்சேஞ்சுல போட்டு மிரர்லெஸ் வாங்கிடுங்க, அடுத்த மாசம் இந்த விலையும் கிடைக்காது." கேமரா கடைகளில் இன்று சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது. இதில் பாதி உண்மை. கேனனும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை. அதற்காக உங்கள் கையில் இருக்கும் கேமரா நாளை காலை படம் எடுக்க மறுத்துவிடப் போவதில்லை. பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள் இந்த அவசரத்தில் மாட்டிக்கொண்டு பல்லாயிரம் ரூபாயை இழப்பதைப் பார்த்துப் பதறித்தான் இதை எழுதுகிறேன்.

பணம் போகும் முதல் இடம் லென்ஸ். கேனனும் நிக்கானும் மிரர்லெஸ்ஸுக்காக 2018-ல், லென்ஸைப் பொருத்தும் புதிய மவுண்டுக்கு மாறிவிட்டன. பழைய லென்ஸை மாட்ட அடாப்டர் வேண்டும். "அடாப்டர் போட்டா எல்லாம் வேலை செய்யும்" என்று கடையில் சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டருக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. டி-90, டி-7000, டி-7200 வைத்திருப்பவர்கள் பலரிடம் 50 எம்எம் 1.8 டி லென்ஸ் இருக்கும். அதன் ஃபோகஸைத் திருப்புவது கேமராவுக்குள் இருக்கும் மோட்டார். அந்த லென்ஸை எஃப்டிஇசட் வழியாக மிரர்லெஸ்ஸில் மாட்டினால் மாட்டும், படமும் எடுக்கும். ஆட்டோஃபோகஸ் மட்டும் வராது. ஓடும் குழந்தையைக் கையால் ஃபோகஸ் செய்து பிடிப்பது எவ்வளவு பாடு என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். லென்ஸ் மேல் ஏஎஃப்-எஸ் என்றோ ஏஎஃப்-பி என்றோ எழுதியிருந்தால் இந்தக் கவலை இல்லை. வேறு நிறுவனங்கள் செய்த பழைய லென்ஸ்களில் சில, அடாப்டரில் சரியாக வேலை செய்வதில்லை. அதைக் கடையிலேயே மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கேனனில் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள் கேனனின் சொந்த அடாப்டரில் நன்றாகவே ஓடும். ஆனால் சில நூறு ரூபாய்க்கு வெறும் வளையமாக விற்கும் அடாப்டரைத் தொடாதீர்கள். உள்ளே மின்தொடர்பு முனைகள் இல்லாவிட்டால் ஆட்டோஃபோகஸும் வராது, அபெர்ச்சரையும் மாற்ற முடியாது.

இதைவிடப் பெரிய பொறி செகண்ட் ஹாண்ட் சந்தையில் இருக்கிறது. கேனன் எம்-50 போன்ற எம் வரிசைக் கேமராக்கள், "மிரர்லெஸ், சல்லிசான விலை" என்று ஆசை காட்டும். அந்த இஎஃப்-எம் மவுண்டை கேனன் 2023-ல் நிறுத்திவிட்டது. அதற்கென்று வாங்கும் லென்ஸ்களை கேனனின் இன்றைய ஆர் வரிசைக் கேமராவில் மாட்ட அடாப்டரே இல்லை. இஎஃப்-எம்மில் மவுண்டுக்கும் சென்சாருக்கும் 18 மில்லிமீட்டர் இடைவெளி, ஆர் வரிசையின் ஆர்எஃப் மவுண்டில் 20. இஎஃப்-எம் லென்ஸ் சென்சாரை இன்னும் நெருங்க வேண்டும். அடாப்டரை நுழைக்க எங்கே இடம்? இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் தவறில்லை. அடுத்த பாடிக்கும் லென்ஸ் உதவும் என்று நினைத்து வாங்கினால் அத்தனை பணமும் முடங்கிப்போகும்.

ஃபுல் ஃபிரேம் ஆசையும் ஆபத்துதான். அளவில் சிறிய கிராப் சென்சாருக்கான உங்கள் 18-55, 55-250 லென்ஸ்களை ஃபுல் ஃபிரேம் பாடியில் மாட்டினால், கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். கேனன் ஆர்-8 தருவது 24 மெகாபிக்சல். இஎஃப்-எஸ் லென்ஸோடு அது 9-க்குச் சற்று மேலே நின்றுவிடும். ஆக, பாடியின் விலை மட்டும் செலவல்ல. லென்ஸ்களையும் புதிதாக வாங்கவேண்டிவரும். அந்தக் கணக்கை யாரும் உங்களுக்குப் போட்டுக் காட்டமாட்டார்கள்.

ஃபிளாஷ் வைத்திருக்கிறீர்களா? கேனன் ஆர்-50 மேல் ஃபிளாஷ் மாட்டும் ஷூவில் பழைய ஃபிளாஷுக்கான தொடர்பு முனைகள் இல்லை. அதற்கும் தனி அடாப்டர்.

அடுத்தது பேட்டரி. நிக்கான் டி-5600-க்கு நிறுவனக் கணக்குப்படி ஒரு சார்ஜில் 970 படங்கள். அதன் மிரர்லெஸ்ஸான இசட்-50-க்கு ஏறக்குறைய 300. மிரர்லெஸ்ஸில் நீங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலும் சென்சாரும் திரையும் ஓடிக்கொண்டே இருக்கும். கோயில் திருவிழாவில் தேர் நிலையிலிருந்து கிளம்பித் திரும்புவதற்குள் கேமரா அணைந்துவிடலாம். கூடுதல் பேட்டரி இரண்டு தேவை; அதிலும் டூப்ளிகேட் வாங்கிவிடாதீர்கள். மட்டமானவை உப்பிப்போய் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

மேடை நிகழ்ச்சிகளை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது, கிளிக் செய்யும் கணம் வரை சென்சார் கண்ணாடிக்கும் ஷட்டருக்கும் பின்னால் மறைந்திருக்கும். மிரர்லெஸ்ஸில் கேமரா இயங்கும்போது அது திறந்தே இருக்கிறது. இசை நிகழ்ச்சியின் லேசர் கற்றை நேராக லென்ஸுக்குள் பாய்ந்தால் சென்சார் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். லேசர் சுழலும் மேடையில் கேமராவை அதன் பக்கம் திருப்பாதீர்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எல்இடி விளக்குகளின் கீழ் படம் முழுக்க வரிவரியாக விழுவதும் உண்டு. முக்கியமான நிகழ்ச்சிக்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்.

மாறவே கூடாது என்று சொல்லவில்லை. பறவை, விளையாட்டு, நிற்காமல் ஓடும் பிள்ளைகள் ஆகியவற்றை எடுப்பவர்களுக்கு மிரர்லெஸ்ஸின் கண்ணைத் தேடிப்பிடிக்கும் ஃபோகஸ் உண்மையிலேயே பெரிய வரம். வெளிச்சம் சரியா என்பதை கிளிக் செய்யும் முன்பே பார்த்துவிடலாம். ஆனால் கோயில் கோபுரமும் மலையும் அந்தி வானமும்தான் உங்கள் விருப்பம் என்றால், ஒன்றைக் கவனியுங்கள்: டி-5600 தருவது 24 மெகாபிக்சல், இசட்-50 தருவது 21-க்குச் சற்றுக் குறைவு. அச்சிட்ட படத்தை வைத்து எது எந்தக் கேமரா என்று சொல்வது கடினம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல லென்ஸும் ஒரு பயணமும் கிடைக்கும்.

வாங்குவது என்றே முடிவெடுத்துவிட்டால், பழைய பையை அப்படியே கடைக்கு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு லென்ஸையும் ஃபிளாஷையும் மெமரி கார்டையும் புதிய பாடியில் போட்டு, ஃபோகஸ் பிடிக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ஜிஎஸ்டி பில்லும், வரிசை எண் எழுதிய இந்திய வாரண்டி அட்டையும் கையில் வாங்குங்கள். "இம்போர்ட் செட்" என்று விலை குறைத்துச் சொன்னால் பழுதானபின் எங்கே போவது என்று அங்கேயே கேளுங்கள். புதியதோடு சில மாதம் பழகும் வரை பழைய கேமராவை விற்காதீர்கள். மாட்டிப் பார்க்க விடாத கடையில் பணத்தைக் கட்டாதீர்கள்.