பொதுக் காரணியா, பொது மடங்கா?

எண்களைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்து எழுதுவது மாணவர் பலருக்கும் எளிது. ஆனால், உரைநடையில் அமைந்த கணக்கைக் கண்டவுடன், மீப்பெரு பொதுக் காரணியைக் காண்பதா, மீச்சிறு பொது மடங்கைக் காண்பதா என்னும் ஐயம் எழுகிறது. அவ்வையத்தை நீக்க அச்சொற்களின் பொருளே துணை செய்யும்.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண் அதன் காரணி ஆகும். ஓர் எண்ணை 1, 2, 3 எனப் பெருக்கக் கிடைப்பவை அதன் மடங்குகள் ஆகும். ஆகவே, காரணி கொடுத்த எண்ணைவிடப் பெரியதாகாது; மடங்கு கொடுத்த எண்ணைவிடச் சிறியதாகாது. 'மீ' என்னும் சொல் மிகுதியைக் குறிக்கும். பொதுக் காரணிகளுள் மிகப் பெரியது மீப்பெரு பொதுக் காரணி. பொது மடங்குகளுள் மிகச் சிறியது மீச்சிறு பொது மடங்கு.

பொங்கல் விழாவிற்காக 84 வாழைப்பழங்களும் 60 கரும்புத் துண்டுகளும் வாங்கப்பட்டன. இவற்றை மீதியின்றி, ஒரே மாதிரியான பைகளில் இட்டால், மிகுதியாக எத்தனை பைகள் அமைக்கலாம்? இங்கு இருப்பதைப் பங்கிடுகிறோம். எனவே காரணி வேண்டும்.

84 = 2 × 2 × 3 × 7
60 = 2 × 2 × 3 × 5

பொதுவானவை 2 × 2 × 3. ஆகவே 12 பைகள். ஒவ்வொன்றிலும் 7 பழங்கள், 5 கரும்புத் துண்டுகள். மாறாக, மீச்சிறு பொது மடங்கைக் கண்டால் 420 பைகள் என விடை வரும். 84 பழங்களை 420 பைகளில் எவ்வாறு இடுவது?

ஒரு நிலையத்திலிருந்து ஒரு தடத்தின் பேருந்து 12 நிமிடங்களுக்கு ஒருமுறையும், மற்றொரு தடத்தின் பேருந்து 18 நிமிடங்களுக்கு ஒருமுறையும் புறப்படுகின்றன. காலை 6 மணிக்கு இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டால், மீண்டும் எப்போது ஒன்றாகப் புறப்படும்? இங்கு நிகழ்வுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எனவே மடங்கு வேண்டும். 12, 18 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 36. விடை 6 மணி 36 நிமிடம்.

'குறைந்த', 'அதிக' என்னும் சொற்களை மட்டும் நம்புதல் கூடாது. 420 செ.மீ. நீளமும் 360 செ.மீ. அகலமும் உள்ள தரையில், ஒரே அளவுள்ள சதுரக் கற்களை வெட்டாமல் பதிக்க வேண்டும். குறைந்த அளவாக எத்தனை கற்கள் தேவை? 'குறைந்த' என்று இருப்பினும், கல் பெரியதானால்தான் எண்ணிக்கை குறையும். ஆகவே மீப்பெரு பொதுக் காரணியாகிய 60 செ.மீ. கல்லின் பக்க அளவு. நீளவாக்கில் 7, அகலவாக்கில் 6 என மொத்தம் 42 கற்கள் வேண்டும்.

வானிலும் இக்கணக்கு உண்டு. ஞாயிற்றைச் சுற்றிவர வியாழனுக்கு ஏறத்தாழ 12 ஆண்டுகளும் சனிக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளும் ஆகின்றன. இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 60. எனவே ஏறத்தாழ 60 ஆண்டுகளில் வியாழன் 5 சுற்றுகளையும் சனி 2 சுற்றுகளையும் முடிக்கின்றன. பிரபவ முதல் அட்சய வரையிலான தமிழ் ஆண்டுப் பெயர்களும் 60 ஆகும். ஒருவருக்கு 60 வயது நிறையும்போது அவர் பிறந்த ஆண்டின் பெயர் மீண்டும் வருகிறது.

பயிற்சி: காரணியா, மடங்கா எனக் காரணத்துடன் எழுதி விடை காண்க.
1. 48 மீட்டர், 64 மீட்டர் நீளமுள்ள இரு கயிறுகளை மீதியின்றிச் சம நீளத் துண்டுகளாக வெட்டினால், ஒரு துண்டின் மிகுந்த நீளம் யாது?
2. மூன்று மணிகள் 6, 8, 12 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒலிக்கின்றன. ஒன்றாக ஒலித்த பின், எத்தனை நிமிடங்களில் மீண்டும் ஒன்றாக ஒலிக்கும்?