உங்களுக்குத் தெரியுமா? கூடங்குளத்துக் கணினியில் புகுந்த வைரஸ்

2019 அக்டோபர். நெல்லை மாவட்டத்தின் கூடங்குளம் அணுமின் நிலையம், சைபர் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று அக்டோபர் 29-இல் அறிக்கை விட்டது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பிரிவுக் கணினியில் வைரஸ் புகுந்தது உண்மை என ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ஆம் தேதியே மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு அதைத் தெரிவித்திருந்ததாம்! அணு உலையை இயக்கும் கணினிகள் இணையத்தோடு சேராத தனி வலையமைப்பில் இருந்ததால் பாதிப்பில்லை.

கடையில் பில் போடும் கணினிக்கும் இதே கதைதான்: இணைப்பில் இல்லாததை வைரஸ் எட்டாது. கணக்கை ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்ததும் கேபிளைக் கழற்றி, டிஸ்கை வீட்டில் வையுங்கள். செருகியே வைத்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நகலையும் சேர்த்துப் பூட்டிவிடும்.