முதலில் படத்தைப் பாருங்கள்

பாலர் வாசிப்பு: தொடர் 6

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மலேசியாவின் ஜாலான் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்கு வரும் குடும்பங்களில் சில, துணிமணி வாங்கி முடித்த கையோடு புத்தகக் கடைக்குள்ளும் நுழைவதுண்டு. பிள்ளைக்கு நான்கைந்து வயது, பாலர் பள்ளிக்குப் போகிறது. பெற்றோர் கையில் எடுப்பது பெரும்பாலும் அரிச்சுவடி, எழுத்துப் பயிற்சி நூல், வண்ணம் தீட்டும் புத்தகம், கூடவே ஒரு நீதிக்கதைத் தொகுப்பு. எத்தனை கதை இருக்கிறது, எழுத்து பெரிதாக இருக்கிறதா, கதை முடிவில் நீதி போட்டிருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறார்கள். படம் வண்ணத்தில் இருந்தால் போதும் என்பதோடு படத்தைப் பற்றிய ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது படம். எழுத்து அதற்குப் பிறகுதான்.

இப்படிச் சொல்ல ஆதாரம் இருக்கிறது. கனடாவில் மேரி ஆன் எவன்ஸும் அவருடைய சக ஆய்வாளரும், கதை வாசித்துக் காட்டும்போது நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளின் கண் பக்கத்தில் எங்கே நிற்கிறது என்பதைக் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வின்படி, குழந்தைகளின் பார்வை ஏறக்குறைய முழு நேரமும் படத்தில்தான் இருந்தது. எழுத்துகளைப் பக்கத்தில் எப்படி அமைத்தாலும் அதில் பெரிய மாற்றமில்லை. ‘அது வேற்று மொழிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு’ என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் இன்னும் எழுத்தறியாத பிள்ளையின் கண் எந்த மொழிப் புத்தகத்திலும் படத்தைத்தான் தேடும் என்று கொள்வதில் தவறிருக்க முடியாது. நாம் வரிகளை வாசிக்கிறோம், பிள்ளை அதே நேரத்தில் படத்தை வாசிக்கிறது. படத்தில் வாசிக்க ஒன்றுமில்லை என்றால் பிள்ளையின் பங்கு வெறுமையாகிவிடுகிறது.

வாசிக்க ஏதாவது இருக்கிற படம் எது? பேட் ஹட்சின்ஸ் என்ற ஆங்கில ஓவியர் 1968இல் வெளியிட்ட ‘ரோஸிஸ் வாக்’ என்ற புத்தகத்தைச் சொல்லலாம். புத்தகம் முழுவதும் முப்பத்திரண்டே சொற்கள், ஒரே வாக்கியம். ஒரு பெட்டைக்கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்புகிறது என்பதற்கு மேல் அந்த வரிகள் எதுவும் சொல்வதில்லை. படத்திலோ கோழிக்குப் பின்னால் ஒரு நரி பதுங்கிப் பதுங்கி வருகிறது, பாயும்போதெல்லாம் எதிலாவது மாட்டிக்கொள்கிறது, கடைசியில் தேனீக்களால் துரத்தப்பட்டு ஓடுகிறது. நரி என்ற சொல் எழுத்தில் ஓரிடத்திலும் இல்லை. வாசித்துக் காட்டும் பெரியவர் சொல்லாத ஒன்று குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. ‘பின்னால பாரு, நரி வருது!’ என்று கத்தும் பிள்ளை கதையின் பாதியைத் தானே சொல்லிவிடுகிறது. மஸ்ஜித் இந்தியாவில் கடை முன்னால் நின்று செய்யக்கூடிய சோதனையும் இதுதான்: வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு நான்கு பக்கம் புரட்டுங்கள். கதை நகர்கிறதா, அடுத்த பக்கத்தில் என்ன ஆகும் என்ற கேள்வி எழுகிறதா என்று பாருங்கள். நரியும் காக்கையும் எல்லாப் பக்கத்திலும் ஒரே முகத்தோடு நின்றுகொண்டிருந்தால் அந்தப் படம் வெறும் அலங்காரம். அதைத் தயங்காமல் அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

இந்த நாட்டுக் குழந்தைகளுக்கு இது இன்னும் ஒரு வகையில் முக்கியம். வீட்டில் பேச்சுத் தமிழ், தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஆங்கிலம், வெளியே மலாய் என்று வளர்கிற பிள்ளைக்குப் புத்தகத்தில் இருக்கும் எழுத்துத் தமிழ் பாதிக்கு மேல் அந்நியமாகத்தான் ஒலிக்கும். படம் கனமாக இருந்தால், அம்மாவோ தாத்தாவோ அதைக் காட்டித் தங்கள் பேச்சிலேயே கேள்வி கேட்கலாம், பிள்ளையும் தன் பேச்சிலேயே பதில் சொல்லலாம், பிறகு அச்சில் இருக்கும் வாக்கியத்தை வாசிக்கலாம். இப்படிக் கேட்டு வாசிப்பதன் பலனை 1988இல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு, வெறுமனே வாசிக்காமல் ‘இது என்ன செய்கிறது, ஏன்?’ என்று கேட்கப் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சுத் திறனில் மற்றப் பிள்ளைகளைவிடப் பல மாதங்கள் முன்னால் இருந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஒன்பது மாதம் கழித்து அந்த இடைவெளி குறைந்திருந்தது என்பதும் உண்மை. ஆனால் அது மறைந்துவிடவில்லை. கேட்க ஏதாவது இருக்கிற படம் இல்லாமல் இப்படிப்பட்ட கேள்வி பிறக்காது.

‘பக்கத்துக்கு ஒரு வரி இருக்கிற புத்தகத்துக்கா இவ்வளவு வெள்ளி?’ என்ற கேள்வி நியாயமானது. சென்னையிலிருந்து கப்பலேறி வரும் வண்ணப் புத்தகம் இங்கே மலிவாக இராது. ஆனால் வரியை எண்ணி விலை போடுவது இந்த வயதுக்குப் பொருந்தாத கணக்கு. 2015இல் ஜெசிகா மொன்டாக் முதலானோர் 100 படப்புத்தகங்களின் சொற்களையும், பெரியவர்கள் குழந்தையிடம் அன்றாடம் பேசும் சொற்களையும் ஒப்பிட்டார்கள். குளி, சாப்பிடு, தூங்கு என்று சுழலும் அன்றாடப் பேச்சில் இருப்பதைவிடப் புத்தகங்களில் வெவ்வேறு சொற்கள் அதிகம் இருந்தன. சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் 2011இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள், புதுச் சொற்களை அதே எண்ணிக்கையில் வெவ்வேறு கதைகளில் கேட்ட குழந்தைகளைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். ஆகவே ஒரு நல்ல படப்புத்தகத்தை நூறு முறை வாசிப்பது பத்துச் சாதாரணப் புத்தகங்களைவிடச் சிக்கனம். கையில் பணமே இல்லாத வீட்டுக்கும் வழியுண்டு. பெங்களூருவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படப்புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிட்டுக்கொள்ளவும் தடையில்லை.

‘ஒன்றாம் ஆண்டுக்குப் போகுமுன் எழுத்துத் தெரிய வேண்டாமா?’ என்பார்கள். தெரியட்டும், அதற்குப் பயிற்சி நூல் இருக்கட்டும். அதையே கதைப் புத்தகமும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கும்போதுதான் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிய ஆரம்பிக்கிறது, இரண்டிலிருந்தும் ஒதுங்குகிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: தமிழ்நாட்டுப் புத்தகங்களில் வரும் உலகம் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வளரும் பிள்ளையின் உலகமா? 1996இல் சென்னையில் தொடங்கிய துளிகா, தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் படப்புத்தகங்களைக் கொண்டுவருகிறது. அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த ‘கஜபதி குலபதி’ அவற்றில் ஒன்று. சளி பிடித்த யானை தும்மினால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள எந்த ஊர்ப் பிள்ளைக்கும் ஆசை வரும், அந்த யானையைத் தெருவில் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் ஆட்சேபத்தின் மறுபாதியை நான் ஏற்கிறேன். இந்த நாட்டின் அடுக்குமாடி வீடும், பாசார் மாலாமும், பத்துமலைப் படிக்கட்டும் வருகிற தமிழ்ப் படப்புத்தகம் நம் பிள்ளைகளுக்குத் தேவை. யூசோஃப் காஜா போன்ற மலேசிய ஓவியர்களின் யானைகள் மலாய்ப் பிள்ளைகளின் கைக்குப் போகின்றன. அந்தத் தரத்தில் ஓவியமும் தமிழும் சேர்ந்த புத்தகத்தை நம் பதிப்பகங்கள் தங்கள் கடமையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சொல்லியும், நல்ல புத்தகம் எது என்று பெற்றோருக்கு யார் சொல்வது? அமெரிக்காவில் 1938 முதல் கால்டிகாட் பதக்கம் ஆண்டுதோறும் படப்புத்தகத்தின் ஓவியருக்கு வழங்கப்படுகிறது. அந்த முத்திரையைப் பார்த்தே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் சாகித்திய அகாதெமி 2010 முதல் தரும் பால சாகித்திய புரஸ்கார் எழுத்தாளருக்கு உரியது. எத்தனையோ தமிழ்ச் சிறுவர் நூல்களின் அட்டையில் ஓவியர் பெயரே இராது. ஓவியர் பெயரைப் போடாத சமூகத்தில் பெற்றோர் படத்தைப் பார்த்து வாங்கவில்லை என்று குறை சொல்வது நியாயமாகாது. கடைக்காரர் கேட்டதைத்தான் வரவழைப்பார், கேட்பதற்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெயர்களை நாமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைத் தவிர இப்போதைக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை ‘இன்னொரு தரம்’ என்று விடாமல் கேட்ட தமிழ்ப் படப்புத்தகத்தின் பெயர், எழுதியவர், வரைந்தவர், கிடைக்கும் கடை ஆகிய விவரங்களை இந்தப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்கள். பாலர் பள்ளி ஆசிரியர்கள் அவசியம் எழுத வேண்டும். தீபாவளிக்கு முந்தைய இதழில் அந்தப் பட்டியலை வெளியிடுகிறோம்.