ஹெட்டை மாற்றும் முன் கணக்கைப் போடுங்கள்

பெடாஸ், லிங்கி வட்டாரத் தோட்டப் பக்கங்களில் பழைய புரோட்டோன் சாகாவை இன்றும் பார்க்கலாம். தாத்தா வாங்கிய கார், அப்பா ஓட்டிய கார், இப்போது பேரன் கையில். திரைப்படத்தில் பார்த்த அமெரிக்க 'மசில் கார்' போல இதுவும் சீறிப் பாய வேண்டும் என்பது அவன் ஆசை. பட்டறையில் கேட்டால், "முதல்ல ஹெட்டை மாத்து தம்பி" என்பார்கள். பகுதி நேர வேலையில் சேர்த்த பணம் அத்தனையும் அதில் போய்விடும். போகட்டும், ஆனால் அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாமே!

சிலிண்டர் ஹெட் என்பது இன்ஜினின் மூடி மட்டுமல்ல, அதன் மூக்கும் அதுதான். காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வருவதும் புகை வெளியேறுவதும் ஹெட்டில் உள்ள வால்வுகள் வழியாகத்தான். இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ, அவ்வளவு பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். எரிப்பதற்கு ஏற்பத்தான் சக்தி. அமெரிக்காவில் 1955-இல் வந்த செவ்ரோலே வி8 இன்ஜினின் ஹெட் வார்ப்பிரும்பால் ஆனது. அந்த வகை இன்ஜின் வைத்திருக்கும் ஆர்வலர்கள், காற்று தாராளமாகப் போகும் அலுமினிய ஹெட்டை இன்றும் தேடி வாங்கிப் பொருத்துகிறார்கள். அலுமினியத்தின் எடை குறைவு. வெப்பத்தையும் விரைவாகக் கடத்தும்.

நம் சாகாவுக்கும் இதே கதை உண்டு. 1985 ஜூலையில் அது வெளிவந்தபோது 1.3 லிட்டர் இன்ஜினில் இருந்தவை 8 வால்வுகள். 1987-இல் 'மக்மா' என்ற 12 வால்வு இன்ஜின் வந்தது. ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள் இருந்த இடத்தில் மூன்று. காற்று வரும் வழி ஒன்று இரண்டானது.

இரண்டு சிறிய வால்வுகள் ஒரு பெரிய வால்வை விட எப்படி மேல்? வால்வு திறக்கும்போது அதன் விளிம்பைச் சுற்றித்தான் காற்று நுழைகிறது. கணக்குக்காக, 36 மி.மீ. விட்டமுள்ள ஒரு வால்வை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு சுமார் 113 மி.மீ. அதற்குப் பதில் 28 மி.மீ. வால்வுகள் இரண்டு என்றால், மொத்தச் சுற்றளவு சுமார் 176 மி.மீ. இரண்டும் ஒரே உயரத்திற்குத் திறந்தால் காற்றுக்கான வாசல் ஒன்றரை மடங்குக்கு மேல் அகலம். வட்டத்தின் சுற்றளவு எதற்குப் பயன்படும் என்று வகுப்பில் கேட்டவர்களுக்கு இதோ பதில்.

ஹெட்டை மாற்றாமல், இருப்பதையே சீவிக் கொடுப்பதும் உண்டு. அப்போது அழுத்த விகிதம் கூடும். சாகா 1.3 இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 71 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 82 மி.மீ. அப்படியானால் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 325 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் மேலே மிஞ்சும் இடம் 38 சிசி என்று வைத்துக்கொண்டால், 363-ஐ 38-ஆல் வகுக்க 9.55 வரும். சீவியதில் 3 சிசி குறைந்தால் 360-ஐ 35-ஆல் வகுக்க வேண்டும், விகிதம் 10.29 ஆகிவிடும். வெறும் 3 சிசி!

விகிதம் கூடினால் சக்தி கூடும், கூடவே ஆபத்தும் வரும். தீப்பொறி பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள் மீதிக் கலவை தானாகவே வெடிக்கும். இதுதான் 'நாக்கிங்'. அது தொடர்ந்தால் பிஸ்டன் உடையலாம். இதைத் தவிர்க்க ரோன்95-ஐ விட்டு, விலை கூடிய ரோன்97 ஊற்ற வேண்டி வரலாம். ஹெட் வாங்குவது ஒருமுறைச் செலவு. பெட்ரோல் ஒவ்வொரு வாரமும்.

இன்னொன்று சூடு. சாகாவின் ஹெட் அலுமினியம், கீழே உள்ள பிளாக் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். தண்ணீர் வற்றி இன்ஜின் கொதித்த கார்களில் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போவது இதனால்தான். நல்ல மெக்கானிக் ஹெட்டைக் கழற்றியதும் அதன் மேல் நேரான இரும்புப் பட்டையை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகி அளந்து பார்ப்பார். பழைய ரேடியேட்டரை வைத்துக்கொண்டு புது ஹெட் போடுவது, ஓட்டைக் குடத்துக்கு வெள்ளி மூடி போடுவது போல.

இன்ஜினையே மாற்றுவதானால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) அனுமதியும் வேண்டும். அதை மறந்தால் சாலைச் சோதனையில் சிக்க நேரிடும்.

இவ்வளவும் படித்தபின், பட்டறை வேலையைப் 'படிப்பு வராதவன் வேலை' என்று சொல்ல முடியுமா? சுற்றளவு, கொள்ளளவு, வெப்ப விரிவு என எல்லாமே இடைநிலைப்பள்ளிப் பாடம்தான். நம் வட்டாரத்திலேயே பெடாஸ் ஐஎல்பி தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. நிபோங் திபாலில் உள்ள ஐஎல்பிக்கு ஆறுமுகம் பிள்ளை என்று ஒரு தமிழர் பெயரே உண்டு. எஸ்பிஎம் முடித்ததும் என்னென்ன பயிற்சிகள் நடக்கின்றன என்று நேரில் போய்க் கேளுங்கள்.

அதற்குள் வீட்டுச் சாகாவில் கை வைக்க ஆசையா? முதலில் ரேடியேட்டர் தண்ணீரைப் பாருங்கள், ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள், வந்த எண்களை நோட்டில் எழுதி வையுங்கள். கழற்றிய பழைய ஹெட்டை மட்டும் இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். புதியது பொருந்தாமல் போனால், காரை மறுபடி ஓட வைக்கப்போவது அதுதான்.